நைனாவுக்கு ஒரு குடம் தண்ணி

காலையில் மகள் ஸ்கூல் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பழைய ராயபுரத்து வீட்டு வாசலில் நைனா வந்து நின்றுவிட்டார்.

நைனா பட்டாளத்தில் சண்டை பார்த்தவர். ஊர் திரும்பியபின் சினிமாவில் பிணமாக நடித்தார். நரைத்த மீசையில் ஷூ பாலிஷைத் தடவிக்கொண்டு கிளம்புவார். துறைமுகத்துச் சங்கு ஊதி, கடல்காற்று கருவாட்டு வாசனையோடு தெருவுக்குள் நுழையும் சாயங்காலத்தில் திரும்புவார். அம்மா அவரைப் படியேற விடமாட்டாள். அடிபம்பில் அடித்துவைத்த குடத்தை அவர் தலையில் கவிழ்ப்பாள்.

"செத்துட்டு வந்துகீற. குளிச்சிட்டு வூட்டுக்குள்ள வா."

பிறகு முந்தானையால் அழுத்தித் துடைப்பாள். மீசை மறுபடி நரைத்துவிடும். நைனா கண்ணை மூடிச் சிரித்தபடி நிற்பார்.

ஒருநாள் அவர் அப்படி நனைந்து நிற்கும்போது கேட்டேன். "ஈ மொய்ச்சாலும் எப்பிடி நைனா அசையாம படுத்துகினு இருக்க?"

"சண்டைல ஒரு பகல் பூரா அப்பிடித்தான் படுத்துகினு இருந்தேன். பக்கத்துல என் தோஸ்து. எதிராளுங்க எங்களைத் தாண்டிப் போனாங்க. ரெண்டு பேருமே நடிக்கிறோம்னு நினைச்சுகினு இருந்தேன்."

அம்மா இன்னொரு குடம் ஊற்றினாள்.

மகள் ஸ்கூலுக்குப் போய்விட்டாள். பாலிஷ் டப்பாவை மூடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நைனாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று நாங்கள் எல்லாரும் பம்பில் குளித்தோம். வாசலில் ஒரு குடம் மட்டும் நிறைந்திருந்தது. எடுக்கப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"அதைத் தொடாத. உன் நைனா இன்னும் குளிக்கல."