சண்முகசுந்தரி கொண்டுவந்த காற்று

கொடைக்கானல் மலைமேல் கிளாவரையில் சண்முகசுந்தரியிடம் ஒன்றை வேண்டாமென்று சொன்னால் போதும், அன்றைக்கே செய்து முடிப்பாள். புருஷன் குடித்துவிட்டு அடித்தான். போகாதே என்றார்கள். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து பூண்டுக் காடும் தம்பி சிவமுருகனும்தான் அவளுக்கு எல்லாம்.

அந்தத் தம்பிக்கு ஆறு வருஷமாகக் காதுக்குள் யாரோ பேசுகிறார்கள். செத்துப்போ என்கிறார்களாம். மனச்சிதைவு என்றார் வத்தலக்குண்டு டாக்டர். மூன்று தடவை மாத்திரை மாற்றியும் குரல் போகவில்லை. போன மாதம் பாறை விளிம்பில் நின்றவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

ஆக்சிஜன் வைத்தால் தெளியும் என்று செல்போன் வீடியோவில் எவனோ பேசினான். போதாதா! டாக்டரிடம் ஓடினாள்.

"அது இன்னும் ஆராய்ச்சியிலதாம்மா இருக்கு. நீங்களா எதையும் வைக்காதீங்க, மாத்திரையை மட்டும் விட்றாதீங்க" என்றார்.

மாத்திரையை விடவில்லை. மற்றதைக் கேட்கவில்லை. கொடைக்கானலில் மருத்துவச் சாமான் வாடகைக்கு விடும் ஷபீரிடம், அப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்று புளுகினாள். அப்பா போய்ச் சேர்ந்து பத்து வருஷம்.

"பக்கத்துல நெருப்பு ஆகாதுக்கா" என்று சொல்லித்தான் ஷபீர் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினைக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் பூண்டுக்குப் புகை போட்டிருந்த அடுப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். பூண்டு முளைத்தால் முளைக்கட்டும், போ!

மெஷின் உர்ரென்று ஓடியது. மூக்கில் குழாயோடு கிடந்த சிவமுருகன் மூன்று நாள் தூங்காமல் இருந்த பிறகு கண்ணயர்ந்தான். எழுந்ததும் கஞ்சி கேட்டான்.

"முருகா, சத்தம் நின்னுருச்சாடா?"

"இல்லக்கா, பேசிக்கிட்டேதான் கெடக்கு. இந்த மெஷின் எரைச்சல்ல என்ன சொல்லுதுன்னு கேக்கல."

அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. அப்போ காற்றில் ஒன்றுமே இல்லையா, எல்லாம் இரைச்சல்தானா! ஆனாலும் பிள்ளை கஞ்சி குடிக்கிறானே. மெஷினை அணைக்கவே இல்லை.

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலையில் அடித்த காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தது. கரண்ட் வரச் சாயங்காலமாகும் என்றார் லைன்மேன்.

மெஷின் இரைச்சல் நின்றதும் சிவமுருகன் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். பாறைப் பக்கமாகத்தான். சண்முகசுந்தரி குறுக்கே விழுந்து கட்டிக்கொண்டாள். வேறென்ன செய்வாள் பாவி மகள்? அவன் காதில் வாயை வைத்து, மெஷின் மாதிரியே உர்ரென்று இரைந்தாள். அவன் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. தொண்டை கிழிய இரைந்தாள். மூச்சு வாங்க ஒரே ஒரு நொடி நிறுத்தினாள்.

"நிறுத்தாதக்கா" என்றான் சிவமுருகன். "கூப்பிடுறாக."