அட்டை மெஷின், ஒன்று

முதலாளி போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கண் டாக்டரைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். ஸ்டோர் ரூமைப் பூட்ட வேண்டாம், வந்ததும் ஒரு சாமான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். ஸ்டோர் அக்கா பூட்டாமல் காத்திருந்தாள். மதியம் வந்தது, சாயங்காலம் வந்தது, முதலாளி வரவில்லை. அவருடைய கைபேசி முதலில் அடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் அதுவும் வாயை மூடிக்கொண்டது. மறுநாள் அவர் வீட்டுக் காவலாளியைக் கேட்டால், குடும்பம் மொத்தமும் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிட்டது என்றான். கண் டாக்டரைப் பார்க்க யாராவது படுக்கையைக் கட்டிக்கொண்டு போவார்களா என்று தொழிற்சாலையே பேசிக்கொண்டது.

"அவர் கண்ணைக் காட்டப் போகலக்கா, நம்ம கண்ணைக் கட்டிட்டுப் போயிருக்காரு" என்றார் பாடகர். அவர் மெஷின் ஓட்டுகிறவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடி அந்தப் பெயர் வந்தது. நல்ல குரல் என்று யாரும் சொன்னதில்லை.

அது அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை. ஸ்டோர் அக்கா அங்கே ஸ்டோருக்குப் பொறுப்பு. ஒரு போல்ட் உள்ளே வந்தாலும் அவளைக் கேட்டுத்தான் வரும், ஒரு பழைய பெல்ட் வெளியே போனாலும் அவள் கையெழுத்தோடுதான் போகும். அவளுக்குப் பிடிக்காத காரியம் உலகத்தில் ஒன்றுதான்: சொன்னதையே திருப்பிச் சொல்வது. வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட வாருங்கள் என்று ஒரு தடவை கூப்பிடுவாள். வராதவர்களின் தட்டை மூடி வைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் படுத்துவிடுவாள். புருஷன் பள்ளி வேன் ஓட்டுகிறவர், பிள்ளைகள் போடும் கூச்சலில் ஒரு காது மந்தமாகிப்போனவர். தங்கள் கல்யாணம் இத்தனை வருஷம் நிலைத்ததற்கு அந்தக் காதுதான் காரணம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அப்படிப்பட்டவளை ஒரே வாக்கியத்தை ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சொல்ல வைத்தது அந்த வங்கி.

தொழிற்சாலையின் பேரில் கடன் கொடுத்திருந்த வங்கி அந்த வாரமே வந்து கதவுக்குச் சீல் வைத்தது. கம்பெனி திவாலாகிவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது. இருப்பதையெல்லாம் விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்க ஓர் அதிகாரியை நியமித்தது. அவருக்குக் கலைப்பு அதிகாரி என்று பெயர். தொழிலாளர்கள் அவரைச் சுருக்கமாகக் கலைப்பு சார் என்றார்கள். எப்போதும் தலைமுடி கலைந்தே இருந்ததால் பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

கலைப்பு சாரும் வங்கியிலிருந்து வந்த இளைஞனும் ஒரு நாள் சீலை உடைத்து உள்ளே போனார்கள். கூடவே ஸ்டோர் அக்காவையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். வங்கித் தம்பி கையில் பட்டியல். கடன் கொடுத்த காலத்தில் வங்கியின் ஆய்வாளர் நேரில் வந்து, அடமானத்துக்கு எழுதிக்கொண்டு போன மெஷின்களின் பட்டியல். ஒவ்வொன்றாக வாசித்தான், ஒவ்வொன்றாக அவள் காட்டினாள். ஒட்டும் மெஷின், இருக்கிறது. அச்சடிக்கும் மெஷின், இருக்கிறது. மடிப்பு வெட்டும் மெஷின், இதோ. பிறகு அவன் வாசித்தான்:

"அட்டை மெஷின், ஒன்று."

"இங்க இருக்கிறது எல்லாமே அட்டை மெஷின்தான் தம்பி" என்றாள் அவள்.

"இல்ல மேடம், தனியா ஒண்ணு போட்டிருக்கு."

"தனியா ஒண்ணு கிடையாது."

"அப்போ காணோம்னு எழுதிக்கவா?"

காணோம் என்றால் முன்பு இருந்திருக்க வேண்டுமே. அப்படி ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றாள். வங்கித் தம்பி கலைப்பு சாரைப் பார்த்தான். கலைப்பு சார் தன் படிவத்தைப் பார்த்தார். படிவத்தில் ‘இருக்கிறது’, ‘பழுது’, ‘காணவில்லை’ என்று மூன்று கட்டங்கள் இருந்தன. இருந்ததே இல்லை என்பதற்குக் கட்டம் கிடையாது.

காணவில்லை என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. அதோடு அவள் நிம்மதி போயிற்று.

வங்கி தன் கோரிக்கையைத் தாக்கல் செய்தது. எங்களுக்கு அடமானமாக இருந்த ஒரு மெஷினை யாரோ கடத்திவிட்டார்கள், ஆகவே மற்ற மெஷின்களை விற்கும் பணத்தில் அதன் மதிப்பையும் முதலில் எங்களுக்குத் தந்துவிட்டு மிச்சத்தை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளட்டும் என்றது. காகிதம் கொடுத்துவிட்டு ஏமாந்து நின்ற வியாபாரி, இல்லாத மெஷினுக்கு என் காசா என்று எதிர்த்து மனுப் போட்டார். வழக்கு இழுத்தது. இதெல்லாம் பெரிய இடத்துச் சண்டை, நமக்கென்ன என்று ஸ்டோர் அக்கா இருந்திருப்பாள். ஆனால் வங்கியின் மனுவில், பொருட்கள் வெளியே போக அனுமதிக்கும் பொறுப்பு ஸ்டோர் மேற்பார்வையாளருடையது என்று ஒரு வரி இருந்தது. வழக்கு முடிகிறவரை அவளுக்கு விடுவிப்புக் கடிதம் தர முடியாது என்று கலைப்பு சார் கையை விரித்துவிட்டார்.

கடிதம் இல்லாவிட்டால் வேலை இல்லை. மருந்துக் கிடங்கு ஒன்றில் அவளை ஸ்டோருக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். பழைய இடத்தில் எந்தப் புகாரும் இல்லை என்ற அந்த ஒரு கடிதத்தை மட்டும் கேட்டார்கள். மெஷின் காணாமல்போன இடத்திலிருந்து வருகிறவளிடம் மருந்துக் கிடங்கின் சாவியை எப்படிக் கொடுப்பார்கள்? அவள் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவளும் கொடுத்திருக்க மாட்டாள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கலைப்பு சாரின் அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதெல்லாம் கீழே யாராவது முனகுவது கேட்கும். மேலே போய் அவளும் அதையேதான் செய்தாள். அப்படி ஒரு மெஷின் இல்லை சார். அவர் தலையைக் கோதிக்கொண்டு, இல்லை என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள் அம்மா என்பார். இல்லாததற்கு எந்தக் கடையில் ரசீது வாங்குவது என்று கேட்டால் சிரிப்பார். நல்ல மனிதர்தான். அவரால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடகர் அவள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் சம்பள பாக்கி, அவருக்கும் வேலை இல்லை, ஆனாலும் மனிதர் முணுமுணுவென்று எதையோ பாடிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். டீயைக் குடித்துக்கொண்டே, வங்கி ஆய்வாளர் வந்த நாள் தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றார். அன்றைக்கு மடிப்பு வெட்டும் மெஷின் மட்டும் நின்றுபோயிருந்தது. மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, காது கிழிகிற சத்தம். இது என்ன மெஷின் என்று ஆய்வாளர் கத்திக் கேட்டார். இவரும் கத்திப் பதில் சொன்னார்.

"என்னன்னு சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? அத்தைன்னு சொன்னேன்."

ஸ்டோர் அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

மடிப்பு வெட்டும் மெஷினுக்குத் தொழிற்சாலையில் அத்தை என்றுதான் பெயர். காலையில் கொஞ்சிக் கெஞ்சினால்தான் ஓடும். ஓடினாலும் ஊரெல்லாம் கேட்க முனகிக்கொண்டே ஓடும். புதிதாக யாராவது கை வைத்தால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். யார் முதலில் வைத்த பெயரோ தெரியாது. அத்தைக்கு எண்ணெய் விட்டாச்சா, அத்தை இன்றைக்கு லீவு என்று முதலாளிகூட அப்படித்தான் சொல்வார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், அத்தனை சத்தத்தில், ஒருவர் அத்தை என்று கத்தினால் கேட்கிறவர் காதில் என்னவாக விழும்? ஆய்வாளர் மடிப்பு வெட்டும் மெஷினை முதலாளி கொடுத்த காகிதத்தைப் பார்த்து ஒரு தடவை எழுதினார். பாடகர் வாயைக் கேட்டு இன்னொரு தடவை, அட்டை மெஷின் என்று எழுதினார்.

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"யாரும் என்னைக் கேக்கலையேக்கா."

கலைப்பு சார் கூட்டிய அடுத்த கடன்காரர் கூட்டத்துக்கு அவள் பாடகரையும் இழுத்துக்கொண்டு போனாள். கலைப்பு சார், வங்கித் தம்பி, காகித வியாபாரி எல்லோரும் இருந்தார்கள். அவள் ஒரு தடவை, நிதானமாக, முழுவதையும் சொன்னாள். காகித வியாபாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கலைப்பு சார் தலையைக் கோதினார். வங்கித் தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"யாரோட அத்தை மேடம்?" என்று கேட்டான்.

"யாரோட அத்தையும் இல்ல தம்பி. மெஷின்."

"மெஷினுக்கு எதுக்கு அத்தைன்னு பேர் வைக்கணும்?"

"உங்களுக்கு அத்தை இருக்காங்களா?" என்று பாடகர் குறுக்கே புகுந்தார்.

"இருக்காங்க."

"அப்போ அந்த மெஷினை ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. புரியும்."

அவனுக்குப் புரியாமல் இல்லை. கூட்டம் முடிந்ததும் படியில் அவளை நிறுத்தி மெதுவாகச் சொன்னான். தப்பு எங்களுடையது என்று வங்கி எழுதிக் கொடுத்தால், இல்லாத மெஷினை நம்பி எப்படிக் கடன் கொடுத்தீர்கள் என்று மேலிடத்தில் கேட்பார்கள். காணாமல் போயிற்று என்றால் திருட்டு, அது யார் தலையிலும் விழாது.

"என் தலையில விழுதே தம்பி, அது தலை இல்லையா?"

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். பிறகு ஒரு வழி சொன்னான். அட்டை மெஷின் பழுதாகிவிட்டது, முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார் என்று அவள் எழுதிக் கொடுத்தால் போதும். முதலாளிதான் ஓடிவிட்டாரே, அவர் மேல் இன்னும் ஒன்று ஏறினால் என்ன. மறுநாளே கடிதம் கைக்கு வந்துவிடும்.

வீட்டில் புருஷன் எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார். மருந்துக் கிடங்கில் இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பார்கள் என்று அன்று காலைதான் தகவல் வந்திருந்தது. ஒரு வரிதானே, முதலாளி நமக்கு மாமனா மச்சானா என்றார். அவளும் பேனாவை எடுத்தாள். எடுத்து, வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலையிலிருந்து ஒரு மெஷின் வெளியே போயிற்று, அதற்கு அவளுடைய அனுமதிச் சீட்டு இல்லை என்று அவளே கையெழுத்துப் போடுவதா? அந்த வேலைக்காக இந்தப் பொய்யைச் சொன்னால், அந்த வேலைக்கே தான் லாயக்கில்லை என்று ஆகிவிடாதா?

"எழுதலையா?" என்றார் புருஷன்.

"இல்லை."

"ஏம்மா?"

"ஒரு தடவை சொன்னா போதாதா?"

அவர் மந்தமான காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

மாதக் கடைசி வந்தது, போயிற்று. மருந்துக் கிடங்கில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். ஒரு தையற்கடையில் பட்டன் தைத்துக்கொண்டு அவள் மழைக்காலத்தை ஓட்டினாள். கலைப்பு சாரின் மாடிப்படியில் மட்டும் வாரம் தவறாமல் ஏறி, அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். கடைசியில் அவள் சொன்னது உண்மை என்பதற்காக எதுவும் நடக்கவில்லை. வாராக் கடன்களையெல்லாம் மூட்டையாகக் கட்டி வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட வங்கி முடிவு செய்தது. தகராறு உள்ள கடனுக்கு விலை குறையும் என்பதால் வங்கியே கோரிக்கையின் அந்தப் பகுதியை வாபஸ் வாங்கிக்கொண்டது. கோப்பை மூட ஒரு காகிதம் வேண்டும், உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள் என்று கலைப்பு சார் வெள்ளைத்தாளை நீட்டினார்.

அவள் நின்றபடியே எழுதினாள். ஆய்வாளர் அட்டை என்று எழுதியது எங்கள் அத்தையைத்தான். அத்தையை யாரும் கடத்தவில்லை, அத்தை எங்கும் போகவில்லை, தொழிற்சாலையிலேயேதான் இருக்கிறது.

"இவ்வளவு போதுமாம்மா?"

"இதுக்கே அதிகம் சார்."

விடுவிப்புக் கடிதம் அன்றே கிடைத்தது. மருந்துக் கிடங்கில் இரண்டாவது ஆளாகத்தான் சேர முடிந்தது. மேலே இருப்பவள் அவளைவிட வயதில் சின்னவள், எதையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பவள். பல்லைக் கடித்துக்கொண்டு பழகிக்கொண்டாள். அத்தை ஏலத்தில் எங்கோ போய்ச் சேர்ந்தது. பாடகருக்கு ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே மெஷின்கள் சத்தமே போடாததால் பாட விடவில்லையாம். தொழிற்சாலை இருந்த இடத்தில் யாரோ கார் கழுவும் கடை போட்டார்கள்.

அதெல்லாம் ஆகி எத்தனையோ காலம் கழித்து, கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வங்கியின் கடன்களை வாங்கியிருந்த அந்தக் கம்பெனியிடமிருந்து அவள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது.

"மதிப்பிற்குரிய அம்மையீர், மேற்படி கடன் தொடர்பாகத் தாங்கள் அளித்த வாக்குமூலத்தின்படி எங்கள் ஊழியர் தங்கள் அத்தையைச் சந்திக்க நேரில் சென்றார். அந்த முகவரியில் அப்படி ஒருவர் வசிக்கவில்லை எனத் தெரிய வருகிறது. அத்தையின் முழுப்பெயர், தற்போதைய விலாசம் ஆகியவற்றை உடனடியாகத் தெரிவிக்கவும். அவர் காலமாகியிருப்பின் இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பவும்."