கடுகு நிற ஆறாம் நம்பர்

ஒரு சனிக்கிழமை காலை. கடையைத் திறந்து, சாம்பிராணி போட்டு, பெருமாள் படத்துக்குத் துளசி வைத்துவிட்டுத் திரும்பினால் கவுண்டர் மேல் ஒரு ஜோடி ஷூ கிடந்தது. நீல நிறம். முன்பக்கம் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. ஒரு காலில் ஆரஞ்சு லேஸ், இன்னொரு காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டும் வெள்ளை லேஸ்.

"அண்ணே, இதே ஷூ வேணும்" என்றது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கடையில் முப்பத்தொரு வருடமாக நான் சேல்ஸ்மேன். படிப்பு பத்தாவது. குடியிருப்பு ஸ்ரீரங்கம். இந்தத் தொழிலில் சனிக்கிழமை என்பது ஓய்வு நாள் மாதிரி. சனிக்கிழமை செருப்பு வாங்கினால் சனீஸ்வரனையும் சேர்த்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்று நம் ஜனங்களுக்குப் பயம். அன்றைக்குக் கடைக்கு வருகிறவர்கள் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், அப்புறம் நிஜமாகவே அவசரம் உள்ளவர்கள். இந்தப் பெண்ணின் கழுத்தில் சிலுவை டாலர் இருந்தது. முகத்தில் அவசரமும் இருந்தது.

பெயர் ஜான்சி. ஊர் வையம்பட்டிப் பக்கம். வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் செய்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு நாளில் நடைத் தேர்வு. மண்ணும் கல்லுமான பாதையில் பதினாறு கிலோமீட்டரை நாலு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். வயது வரம்பு இந்த வருடத்தோடு சரி. இதை விட்டால் அடுத்த தேர்வு கிடையாது.

"மூணு வருஷமா இதைப் போட்டுத்தான் ஓடிப் பழகுறேன். கரட்டுல ஏறினாலும் வழுக்காது, விரலையும் நெருக்காது. நீங்கதான் வித்தீங்க. ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் வந்தது. கம்பெனி அந்த மாடலை நிறுத்தப்போகிறது என்று தெரிந்து, கிளியரன்ஸ் தட்டில் கிடந்த கடைசி ஜோடியை "சூப்பர் ஹிட் மாடல்மா" என்று சொல்லித் தள்ளிவிட்டவன் நான்தான். பொய்யாகச் சொன்னது அந்தப் பெண்ணின் காலில் போய் உண்மையாகிவிட்டது.

*அதே பேர், வேறே ஷூ*

கம்ப்யூட்டரில் தட்டினேன். டிஸ்கண்டினியூட். அதற்குப் பதில் அதே பெயரில், வால் பக்கம் ஒரு '3' சேர்த்துப் புது மாடல் வந்திருந்தது. எங்கள் மேனேஜர் பிரசன்னா ஓடி வந்தான். வயது இருபத்தேழு. கம்பெனி டிரெய்னிங்கில் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் நம்புகிறவன்.

"மேடம், சேம் ஷூதான். இன்னும் பெட்டர். வெயிட் குறைச்சிருக்காங்க, கலர் அப்டேட் பண்ணிருக்காங்க."

ஜான்சி ஆறாம் நம்பரைப் போட்டு நாலடி நடந்தது.

"சுண்டுவிரலு மாட்டிக்குதுங்க."

"போடப் போட செட் ஆயிடும் மேடம்."

"எது செட் ஆகும்? ஷூவா, விரலா?"

பிரசன்னா டிரெய்னிங்கின் அடுத்த பாடத்துக்குத் தாவினான். "ஏழு ட்ரை பண்ணுங்க" என்றான். ஏழில் குதிகால் பின்னால் கழன்றது. விரல் அப்போதும் மாட்டியது.

நான் குனிந்து காலைப் பார்த்தேன். முன்பாதம் விசிறி மாதிரி விரிந்திருந்தது. "காலேஜ் போறவரைக்கும் கொல்லைக்காட்டுல வெறுங்கால்தாண்ணே" என்றது. விஷயம் இதுதான். ஷூவைச் செய்வதற்கு முன் லாஸ்ட் என்று ஒரு கால் அச்சு செய்வார்கள். அந்த அச்சுக்கு அளவு கொடுத்த கால், பிறந்த மறுநாளே சாக்ஸ் போட்ட காலாக இருக்கும். புது மாடலில் அச்சை இன்னும் ஒடுக்கியிருந்தார்கள், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று. பிரசன்னா சொன்ன 'இன்னும் பெட்டர்' அதுதான்.

"பழைய ஜோடியை வெச்சிட்டுப் போம்மா. திங்கக்கிழமை கம்பெனி ரெப் வருவாரு. அளவு பாத்து வேறெதாவது புடிச்சுத் தரேன்" என்றேன்.

"தொலைச்சிராதீங்கண்ணே."

"முப்பத்தொரு வருஷ சர்வீஸும்மா" என்றேன், ரொம்பப் பெருமையாக.

*சனி விட்ட கதை*

கடையில் வைத்தால் பிரசன்னா குப்பையில் போட்டுவிடுவான் என்று, மாலை, ஷிப்ட் முடிந்ததும் ஷூவை வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாசல்படி ஓரம் வைத்துவிட்டு, அம்மா மண்டபப் படித்துறைக்குக் குளிக்கப் போனேன்.

மறுநாள் காலை ஷூவைக் காணோம். என் மனைவி கோமதியிடம் கேட்டேன்.

"ஓ, அதுவா? உங்களுக்கு ஏழரை நடக்குதுல்ல? கிழிஞ்ச செருப்பை வாசல்ல சேத்து வெச்சா சனி எப்படிப் போகும்? நேத்து சனிக்கிழமை வேற. கோபுர வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோயில் வாசலில் செருப்புத் தொலைந்தால் பிடித்த சனி அதோடு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தானாகத் தொலையாவிட்டால் சிலர் தொலைத்துவிட்டும் வருவார்கள்.

"அடியே, அது என் ஷூ இல்ல! கஸ்டமரோடது!"

கோமதி ஒரு நிமிடம் யோசித்தாள். "அப்ப அந்தப் புள்ளைக்குத்தான் சனி விட்டுச்சு. நல்லதுதானே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜகோபுரத்து வாசலுக்கு ஓடினேன். நூறு ஜோடி செருப்பு கிடந்தது, அது மட்டும் இல்லை. அங்கே செருப்புப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் விசாரித்தேன்.

"சனிக்கிழமை காணாமப் போச்சா? கும்புட்டுட்டுப் போங்க சாமி. தேடி எடுத்தீங்கன்னா போன சனி திரும்ப வந்துரும்."

"எனக்கு வரட்டும்மா, பரவாயில்ல."

"முப்பது வருஷத்துல சனியைத் தேடிக்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்" என்று பக்கத்துப் பூக்காரியிடம் சொல்லிச் சிரித்தது.

திங்கள்கிழமை ரெப் வந்தார். வெறுங்கையோடு அவரிடம் பழைய ஷூவின் அகலத்தைக் காற்றில் காட்டினேன். "அதே தான் சார், பேரே அதேதானே" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். சாயந்திரம் ஜான்சி போன் செய்தது. "அண்ணே, என்னாச்சு? கேன்வாஸ் போட்டு ஓடி குதிகால்ல கொப்புளம் வந்துருச்சு."

"கம்பெனிக்கு அனுப்பியிருக்கும்மா. அளவெடுத்துட்டு இருக்காங்க."

தினமும் நெற்றியில் திருமண் இட்டுக்கொள்கிறவன் நான். போனில் நெற்றி தெரியாது என்பது அன்றைக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

*மண்டியில்*

புதன்கிழமை காலை பஸ்ஸில் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். வாழைக்காய் மண்டி ஓரம் பஸ் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒரு லோடுமேன் தோளில் வாழைத்தாரோடு பலகை வழியாக லாரியில் ஏறிக்கொண்டிருந்தார். காலில் நீல ஷூ. ஒன்றில் ஆரஞ்சு லேஸ், ஒன்றில் வெள்ளை லேஸ்.

"ரங்கா!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். கண்டக்டர், கோயில் ஸ்டாப் தாண்டிப் போச்சுங்க என்றார்.

லோடுமேன் பெயர் மாரி. விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்தது.

"கோயில்ல விட்டதைத் திரும்பக் கேக்குறீங்க? நாமத்தைப் போட்டுக்கிட்டு கேக்குற கேள்வியாங்க இது? ராத்திரி பூரா அங்கயே கெடந்து, கேப்பாரில்லாமத்தான் எடுத்தேன். இந்தத் தரையைப் பாருங்க, பூரா வாழைச்சாறு. போன மாசம் ரெண்டு தடவ தாரோட விழுந்தேன். இதைப் போட்டதுக்கப்புறம் கால் நவுரலைங்க."

"புது ஷூ தரேன் மாரி. லேட்டஸ்ட் மாடல்."

"அது விரலை நெருக்குமே! எங்க மேஸ்திரி வாங்கிட்டு வந்து அழுவுறாரு. இது நமக்குன்னே தச்ச மாதிரில்ல இருக்கு!"

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். ஆள் குள்ளம், கால் சின்னது. ஆனால் சுமை தூக்கித் தூக்கி விரிந்த முன்பாதம். ஆம்பளைக் கால். அதில் நான் லேடீஸ் மாடல் என்று விற்ற ஷூ இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

லேடீஸ் ஷூ இந்த ஆம்பளைக்குப் பொருந்துகிறது என்றால், ஆம்பளை ஷூ அந்தப் பெண்ணுக்குப் பொருந்தாதா? முப்பத்தொரு வருடம். லேடீஸ் இடது பக்கம், ஜென்ட்ஸ் வலது பக்கம் என்று அடுக்கியே பழகிய மூளை, நடுவில் இருக்கும் நடைபாதையைத் தாண்டிப் போனதே இல்லை.

"மாரி, ஒரு பொண்ணுக்கு வேலை கிடைக்கிறது இந்த ஷூ அளவுல இருக்கு. இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிரும்."

மாரி தாரை இறக்கி வைத்தார். லேஸை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி நீட்டினார். "தேர்வு முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவீங்களா? அந்தப் புள்ள வேணாம்னா."

அந்த வழுக்குத் தரையில் அவரை வெறுங்காலோடு விட மனமில்லை. என் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கடைக்கு வெறுங்காலோடு போனேன்.

"என்னண்ணே, ஷூ கடையில வெறுங்கால்?" என்றான் பிரசன்னா.

"வேண்டுதல்" என்றேன். அந்த வாரம் சொன்னதில் அது ஒன்றுதான் கிட்டத்தட்ட உண்மை.

*இன்சோல்*

இந்தத் தொழிலுக்கு வரப்போகும் தம்பிகளா, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஷூ ஒன்று கிடைத்தால் பெயரைப் பார்க்காதீர்கள், பெட்டியைப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் இன்சோலை உருவிப் பாருங்கள். ஒவ்வொரு விரலும் எங்கே இருந்தது, எங்கே அழுத்தியது என்று அதில் பதிந்திருக்கும். ஜாதகம் பொய் சொன்னாலும் இன்சோல் சொல்லாது.

ஜான்சியின் இன்சோலைக் கையில் வைத்துக்கொண்டு, கடையிலிருந்த, கரடுமுரடான பாதையில் ஓடுவதற்கான டிரெயில் ஷூ ஒவ்வொன்றின் இன்சோலையும் உருவி மேலே வைத்துப் பார்த்தேன். லேடீஸில் ஒன்றுகூட இல்லை. புது மாடல் இரண்டு பக்கமும் பென்சில் தடிமனுக்கு ஒடுங்கியிருந்தது. ஜென்ட்ஸ் ஆறாம் நம்பருக்குப் போனேன். ஆம்பளைகளில் ஆறாம் நம்பர் கால் அபூர்வம், அதனால் அந்த நம்பர் எப்போதும் டெட் ஸ்டாக். குடோனில் மேல்தட்டில் வேறு கம்பெனி ஜோடி ஒன்று இரண்டு வருடமாகத் தூசியில் கிடந்தது. கடுகு நிறம். பார்ப்பவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்த நிறம். இன்சோலை மேலே வைத்தேன். ஓரத்தோடு ஓரம் ஒட்டியது.

மறுநாள் ஜான்சி வந்தது. முதலில் நடந்தது எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"என் ஷூவுக்கு சனிப்பெயர்ச்சியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் கடுகு நிறத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அய்யோ, என்னண்ணே கலர் இது?"

"மரத்துக்கும் மானுக்கும் கலர் தெரியாதும்மா. போடு."

போட்டது. எழுந்தது. விரல்களை உள்ளே அசைத்தது.

"கார்பெட்ல நடந்து என்னண்ணே தெரியும்? கொள்ளிடக் கரையில ஓடிப் பாக்கணும்."

பிரசன்னா பதறினான். "சோல் அழுக்கானா ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்கண்ணே! அதுவும் லேடி கஸ்டமருக்கு ஜென்ட்ஸ் பில் போட்டா சிஸ்டம் ரிப்போர்ட் தப்பாயிடும்."

"ரிப்போர்ட் ஓடப்போறதில்ல தம்பி, இந்தப் பொண்ணுதான் ஓடப்போகுது. என் பேர்ல எழுதிக்கோ."

ஜான்சி கரையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்தது. சோல் முழுக்க மணல். முகம் முழுக்க வியர்வை.

"கால் இருக்கிறதே தெரியலண்ணே."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மெடல் என்றால் இந்த ஒரு வாக்கியம்தான். பழைய ஜோடியை மாரிக்கே கொடுத்துவிடச் சொன்னது. கிழிந்த இடத்தை நான் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் செருப்பை அவர் திருப்பித் தந்தபோது, "இது வழுக்குதுங்க, மாத்திருங்க" என்று எனக்கே ஆலோசனை சொன்னார்.

*தேர்வு நாள்*

அன்று காலை பெருமாளைச் சேவிக்கப் போனேன். பெருமாள் பாதுகையைச் சடாரி என்று தலையில் வாங்கிக்கொள்ளும் ஊர் இது. இதே ஊரில்தான், "மாப்பிள்ளைப் பையனோட அப்பா செருப்புக் கடையிலயா?" என்று கேட்டு என் பையனுக்கு வந்த ஒரு வரன் தட்டிப்போனது. அதைப் பெருமாளிடம் சொல்லி வருத்தப்பட எனக்குத் தோன்றியதே இல்லை. அவருக்கும் பாதணி சமர்ப்பிக்கிறார்கள். இடதுகாலுக்கு ஒருவர், வலதுகாலுக்கு வேறு ஊரில் ஒருவர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் செய்வார்களாம். சன்னதியில் சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்குமாம். நான் நம்புகிறேன். அவர்கள் அந்தக் காலை மட்டும் நினைத்துச் செய்கிறார்கள். இத்தனை மெஷின் வைத்திருக்கும் கம்பெனியால் போன வருடம் செய்ததை இந்த வருடம் செய்ய முடியவில்லை. கம்பெனிக்காரர்கள் நினைப்பில் எந்தக் காலும் இல்லை.

மதியம் வீட்டில் சாப்பிடும்போது போன் வந்தது. "அண்ணே, நேரத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டேன்! ஒரு கொப்புளம்கூட இல்ல!" கோமதி பக்கத்தில் நின்று, "சனி விட்டுச்சுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள். அவள் சொன்னதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

சில மாதம் கழித்து, மறுபடியும் ஒரு சனிக்கிழமை, ஜான்சி வேலையில் சேர்ந்த பிறகு கடைக்கு வந்தது. கூட மூன்று பெண்கள். எல்லோரும் காட்டில் நடக்கிறவர்கள்.

"அண்ணே, இவங்களுக்கும் அந்தக் கடுகுக் கலர் ஜென்ட்ஸ் ஆறு."

பிரசன்னா கம்ப்யூட்டரில் தட்டினான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். டிஸ்கண்டினியூட்.

ஒரு ஷூப் பெட்டியின் மூடியைக் கழற்றித் தரையில் கவிழ்த்து வைத்தேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு மண்டி போட்டு உட்கார்ந்தேன்.

"காலை வையுங்கம்மா" என்றேன்.