வாத்துகள் எதுவும் காணப்படவில்லை

அந்தக் குளத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒருமுறை விலாவாரியாக எழுதிப் பட்டதே போதும். அவிநாசியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போக வேண்டும். அதற்கு மேல் என் வாயிலிருந்து எதுவும் வராது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோயமுத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு இயற்கைச் சங்கத்தில் சம்பளமில்லாத வேலை. பேங்க் கிளார்க்குகள், வாத்தியார்கள், என்னைப் போலக் கல்யாணத்துக்கு நேரமில்லாதவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் குளம் குளமாகப் போய்ப் பறவைகளை எண்ணுவோம். ஒரு கல்லூரிப் பேராசிரியர் எங்கள் செயலாளர். தலைவர் ஒரு மில் முதலாளி. நாங்கள் போகிற வேன் அவருடையது, கூடுகிற அறை அவருடையது, ஸ்டென்சில் பேப்பரும் மையும்கூட அவருடையவைதான். அதனால் கூட்டத்தில் அவர் தும்மினால்கூட யாராவது ஒருவர் ஆமோதிப்பார்.

என் வேலை மாதாமாதம் சுற்றறிக்கை எழுதுவது. எந்தக் குளத்தில் என்ன பறவை, எத்தனை என்று ஸ்டென்சிலில் அடித்து, மெஷினில் உருட்டி, மடித்து, உறுப்பினர்களுக்கும் சம்பந்தப்பட்ட அரசாங்க அலுவலகங்களுக்கும் தபாலில் போடுவேன். அப்படித்தான் ஒரு மார்கழியில் அந்தக் குளத்தில் வரித்தலை வாத்துகளைப் பார்த்தேன். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. எங்கள் பக்கம் இறங்குவது அபூர்வம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வடக்கு மதகுப் பக்கம், வேலமரங்களின் ஓரம், விடிந்து வெயில் ஏறுவதற்குள் போனால் கரையிலிருந்தே பார்க்கலாம் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் எழுதினேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். நானும் கொஞ்சம் கர்வப்பட்டேன், பொய் சொல்வானேன்.

தை மாதம் தலைவர் தன் தோட்டத்து பங்களாவில் எங்களுக்கு விருந்து வைத்தார். வாழையிலையில் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்ட வறுவல். கோழி என்று நினைத்தேன். கறி கொஞ்சம் கருப்பாக இருந்தது, ருசியாகவும் இருந்தது. நானே கேட்டு இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் பல்லில் ஏதோ நறுக்கென்று கடிபட்டது. விரலால் எடுத்து, "அரிசியில கல்லுங்க போல" என்றேன்.

தலைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கல்லு இல்லீங்க அம்மணி. ரவைங்க, துப்பாக்கி ரவை. சமையக்காரன் சரியாப் பாத்து எடுக்காம விட்டுப்போட்டான்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. "எந்தக் குளத்துதுங்க?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதுன குளந்தானுங்க. மதகு, வேலமரம், விடியக்காலம்னு எல்லாத்தையும் புட்டுப்புட்டு வெச்சிருந்தீங்களே. தேடற வேலையே இல்லாமப் போச்சுங்க. இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க."

வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, இந்த வேலிக்கு வழி சொல்லிக் கொடுத்தவளே நான்தான். பந்தியைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பேராசிரியர் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். திரும்பி வருகிற வழியில் வேனில் அவரிடம் கேட்டேன். "அவரில்லாட்டி நமக்கு வேன் யாருங்க குடுப்பாங்க?" என்றார். அன்று அந்தப் பேராசிரியரை நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. என்னையும் சேர்த்துத்தான் திட்டினேன். வீட்டுக்கு வந்து வாயில் விரலை விட்டு வாந்தி எடுத்தேன். எடுத்து என்ன பயன்.

விலகியிருக்கலாம். விலகினால் வேறு ஒரு பைத்தியம் என் இடத்துக்கு வந்து இன்னும் அழகாக வழி எழுதும். ஆகவே விலகவில்லை. அந்தப் பக்கத்துக் குளங்களை இனி நானே தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த சுற்றறிக்கையில் இப்படி அடித்தேன்: "குளம் ஆகாயத்தாமரையால் மூடிக் கிடக்கிறது. வாத்துகள் எதுவும் காணப்படவில்லை."

உண்மையில் குளம் ததும்பிக் கிடந்தது. மிச்சமிருந்த வரித்தலைகளோடு ஊசிவால் வாத்துகளும் வந்து சேர்ந்திருந்தன. மதகுக்குக் கீழே மூன்று ஏக்கரில் மஞ்சளும் வாழையும் வைத்திருந்த ஒரு விவசாயி, நான் ஞாயிறுதோறும் பஸ்ஸில் வந்து கரையில் நிற்பதைப் பார்த்துப் பழகிவிட்டார். "ஏனுங்க அம்மணி, இன்னைக்கு எத்தனை உருப்படி வந்திருக்குதுங்க?" என்பார். அவர் கிணறு ஊறுவது அந்தக் குளத்தால்தான். அவரிடம் மட்டும் உண்மையான எண்ணிக்கையைச் சொல்வேன். சுற்றறிக்கையில் என்ன எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. ஒருநாள் தலைவர், "அந்தக் குளத்துல ஒன்னுமே இல்லீங்களா அம்மணி?" என்று கேட்டார். "ஒன்னுமே இல்லீங்க" என்றேன். என் ஆயுசில் யாரிடமும் அவ்வளவு மரியாதையாகப் பொய் சொன்னதில்லை. ஒரு ஆளை அனுப்பிப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் என் எழுத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் அது ரொம்ப இனித்தது.

மூன்றாம் வருஷம் அந்த விவசாயி விலாசம் விசாரித்துக்கொண்டு என் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். குளத்தை மூடி, பனியன் கம்பெனிகளுக்கு மனை போடப்போகிறார்களாம். ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். "நாங்க சொன்னா எடுபடாதுங்க. நீங்க படிச்சவங்க, வாராவாரம் வந்து எண்ணுனவங்க. பறவை இருக்குதுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லிப்போடுங்க. குளம் போச்சுன்னா கெணறும் போச்சுங்க" என்றார்.

வரிந்துகட்டிக்கொண்டு போனேன். விசாரணை நடந்த அறையில் பின்வரிசையில் அந்த விவசாயி இருந்தார். முன்னால் எங்கள் பேராசிரியரும் உட்கார்ந்திருந்தார், சங்கத்துக்கும் அழைப்பு போயிருந்ததாம். நான் எழுந்து, வலசை வருகிற வாத்துகள் தங்குகிற குளம் இது, மூடக்கூடாது என்று படபடவென்று பேசினேன். அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஃபைலைப் பிரித்து ஒரு கத்தையை எடுத்தார். என் சுற்றறிக்கைகள். மாதம் தவறாமல் நானே தபால்தலை ஒட்டி அந்த அலுவலகத்துக்கு அனுப்பியவை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், கேட்டிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன்.

"நீங்க எழுதுனதுங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, வாத்துகள் எதுவும் காணப்படவில்லை என்ற வரியை ஒவ்வொரு தாளிலிருந்தும் வாசித்தார். ஒரு மாதத்தைக்கூட விடவில்லை.

"அது பொய்ங்க" என்றேன்.

"எதுங்க பொய்? அன்னைக்கு எழுதுனதுங்களா, இன்னைக்குச் சொல்றதுங்களா?"

மறைக்க ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் தலைவர் அங்கே வாத்து சுட்டார், விருந்தில் பரிமாறினார், நாங்கள் எல்லோரும் தின்றோம், இனிமேலாவது சுடாமல் இருக்கட்டும் என்றுதான் இல்லை என்று எழுதினேன். அதிகாரி பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்குச் சமைச்சது நாட்டுக்கோழிங்க."

அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பேராசிரியரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. செத்தாலும் மன்னிக்கமாட்டேன். தலைவரையும் அப்படித்தான். அவர்கள்மேல் கோபப்படுவது எனக்குச் சிரமமே இல்லை, முப்பது வருஷமாக வேளாவேளைக்குச் செய்துகொண்டிருக்கிறேன். அன்று பஸ் ஸ்டாண்டுக்கு என்னோடு நடந்து வந்த விவசாயியிடம்தான் அந்தக் கோபம் செல்லுபடியாகவில்லை. பஸ்ஸுக்காக நின்றபோதுதான் கேட்டார்.

"வாத்த ஒளிச்சு வெச்சீங்க, சரிங்க. அங்கே நாங்களும் இருக்கறோம்னு உங்களுக்கு நெனப்பே வரலீங்களா?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் கடைசிவரை அந்த 'ங்க'வை விடவே இல்லை. பஸ் வந்ததும், "நீங்க ஏறுங்க அம்மணி, நான் அடுத்த வண்டியில வாரேனுங்க" என்றார். அவிநாசி வரைக்கும் அவருக்கும் அதே பஸ்தான். நான் ஏறிக்கொண்டேன்.