கையெழுத்துப் போட்டவன் ஏறணும்

இருபது வருஷம் விமானப்படையில் ஹெலிகாப்டர் இன்ஜின் வேலை பார்த்தவன் நான். பைலட் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்போரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் இன்றைக்கும் என்னை ‘பிளேன் ஓட்டினவர்’ என்றுதான் சொல்கிறார்கள், நானும் பாதி நாள் மறுப்பதில்லை. வீண் பெருமை யாரை விட்டது! ஓட்டுகிறவர் நல்லபடியாகத் திரும்பி வருவதற்குக் கீழே நின்று ஸ்பேனர் பிடித்தவன், அவ்வளவுதான்.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஜினைக் கழற்றி மாட்டுவது போலப் பெரிய வேலை ஏதாவது முடிந்தால் ஹெலிகாப்டரை நேரே டியூட்டிக்கு விடமாட்டார்கள். முதலில் ஒரு சோதனைப் பறப்பு. அதில் பைலட்டோடு, அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டவனும் ஏற வேண்டும். இது எங்காவது சட்டமாக எழுதப்பட்டிருந்ததா என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. எங்கள் வாரண்ட் ஆபீசர் ஒரு பஞ்சாபிக்காரர். ரெஜிஸ்டரை நீட்டும்போதே இந்தியில் கேட்பார்: “கையெழுத்துப் போடறியா? அப்போ ஹெல்மெட்டையும் எடுத்துக்கோ.” போட்டவன் ஏறணும். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

முதல் தடவை எனக்கு அந்தப் பேனா கனத்தது. பாதிப் பெயர் எழுதிவிட்டு, “சார், ஒரு நிமிஷம்” என்று சொல்லி மறுபடி ஏணியில் ஏறினேன். நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்க மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டுவோம். மூன்று முறை பார்த்த வேலை. நான்காவது முறை பார்த்தபோது, ஒரு கம்பியைத் தலைகீழாகக் கட்டியிருந்தேன். இறுக்கிப் பிடிக்க வேண்டிய பக்கம் விட்டுவிட்டு, கழல்கிற பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி போட்டேன். கீழே இறங்கி விஷயத்தைச் சொன்னால் கிழித்துத் தொங்கவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் ரெஜிஸ்டரை மறுபடி நீட்டி, “மீதிப் பெயரை எழுது” என்றார். அன்றைக்கு மேலே போனபோது பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

சர்வீஸில் இருக்கும்போதே தபால் வழியில் கம்ப்யூட்டர் டிகிரி படித்தேன். வெளியே வந்ததும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சிஸ்டம்ஸ் இன்ஜினீயர் வேலை கிடைத்தது. பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எனக்குப் பழகினதுதான். ஒரு பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுத வேண்டும். செய்து முடித்த பிறகு, அந்த ஒவ்வொரு வரிப்படியும் அது நடக்கிறதா என்று சோதித்து, கடைசியில் ஒப்புதல் கொடுக்க வேண்டும். செங்கல்பட்டில் ஃபிளாட் எடுத்துக்கொண்டு தினமும் திருப்போரூர் வழியாகப் பஸ்ஸில் போய்வந்தேன். அடடா, இந்த வேலைக்காகவே என்னை இருபது வருஷம் தயார் செய்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் ஒரே மிதப்பு.

ஆபீஸில் எனக்கு ‘மிலிட்டரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் மீட்டிங்குக்குள் நுழைந்தால், “மிலிட்டரி சார் வந்துட்டாரு, எல்லாரும் அட்டென்ஷன்!” என்பார் எங்கள் டீம் லீட். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், கெட்டிக்காரர், சிரித்தே காரியம் சாதிக்கிறவர். நான் ஒரு கேள்வி கேட்டால் நாலு பேர் கண்ணால் பேசிக்கொள்வார்கள். சாப்பாட்டு மேஜையில் நான் வந்து உட்கார்ந்தால் பேச்சு அடங்கிவிடும். நாற்பது வயதில் இதெல்லாம் வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வலித்தது.

அப்போது கையில் இருந்தது மீன்பிடி படகுக்கான ஒரு பெட்டி. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும், பேட்டரியும் உள்ளேயே. கடலில் இன்ஜின் நின்றுபோனாலோ வேறு ஆபத்தோ என்றால், அதில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். படகு இருக்கிற இடம் சாட்டிலைட் வழியாகக் கரையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். செய்தி கிடைத்தது என்று அங்கிருந்து பதில் வந்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். ‘கரையிலிருந்து பதில் வந்த பிறகு மட்டுமே பச்சை எரிய வேண்டும்.’ அந்த வரியை எழுதியது நான்தான்.

சோதனைக்காக மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குப் போனோம். அங்கே ஒரு ஃபைபர் படகுக்காரர் எங்களுக்கு உதவி செய்தார். என் வயதுதான். நான் விமானப்படைக்காரன் என்று தெரிந்ததும் விடவே இல்லை. வலைமேல் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துக் கதை கேட்டார். நானும் வாய் ஓயாமல் அளந்தேன். அந்தக் கையெழுத்து வழக்கத்தையும் சொன்னேன்.

“இன்னா அண்ணாத்த சொல்ற! ரிப்பேரு பண்ணவன் கீழ நின்னுகினு டாட்டா காட்ட முடியாதா?”

“முடியாது. கையெழுத்துப் போட்டா கூடவே ஏறணும்.”

“சூப்பரு கீது இந்த ரூலு. எங்க இன்ஜின் மெக்கானிக்க ஒருநாள் ஏத்தினா தெரியும் அவன் சேதி.” சிரித்துவிட்டு, தன் படகைக் காட்டினார். “நீயும் வா. பெட்டிய மாட்டிகினு உள்ள போய்ப் பாத்துட்டு வரலாம். கரையிலயே அழுத்திப் பாத்தா இன்னா தெரியும்?”

நியாயமான பேச்சு. நான் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன். டீம் லீட்தான் கையைப் பிடித்தார். கம்பெனி ஆள் கடலில் இறங்க இன்ஷூரன்ஸ் கிடையாதாம், மேலிடத்தில் பெர்மிஷன் வாங்க வேண்டுமாம். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். “அடுத்த தபா வரேன்” என்று நானும் படகுக்காரரிடம் சொன்னேன். கரையில் நின்று பத்துமுறை அழுத்தினோம். பத்துமுறையும் பச்சை எரிந்தது. நல்ல மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

எனக்கு ஏதோ உறுத்தியது. ஒவ்வொரு தடவையும் அழுத்திய உடனே எரிந்ததே, கரையிலிருந்து பதில் அவ்வளவு சீக்கிரமா வருகிறது? மறுநாள் ஆபீஸ் மொட்டை மாடியில் பெட்டியின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அழுத்தினேன். அப்போதும் பச்சை எரிந்தது. அதாவது செய்தி போகவே இல்லை, போனதாக விளக்கு சொல்கிறது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கீழே இறங்கிப்போய்க் கேட்டால், புரோகிராம் எழுதியவர்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. நிஜமாகப் பதில் வரச் சில நிமிஷம் ஆகிறதாம். மீனவர்களுக்குப் பெட்டி கொடுக்கும் விழாவில் பெரிய மனிதர் பொத்தானை அழுத்திவிட்டு விளக்குக்காகக் காத்துக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் அழுத்தியதுமே எரிகிற மாதிரி மாற்றிவிட்டார்களாம்.

மீட்டிங் போட்டோம். நான் கத்தினேன், ஒளிக்கவில்லை. டீம் லீட் நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

“சார், இது சேஃப்டி இஷ்யூ இல்ல. டிஸ்ப்ளே இஷ்யூ. சிக்னல் போகுது. விளக்கு கொஞ்சம் முன்னாடி எரியுது, அவ்ளோதான்.”

“போகலைன்னாலும் எரியுதே!”

“அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம் சார். சின்னக் குறைன்னு போட்டு இப்ப அப்ரூவ் பண்ணுங்க. விழா தேதி குடுத்தாச்சு. உங்க ஒருத்தராலதான் நிக்குதுன்னு மேல பேசிக்கிறாங்க. நான்தான் சொன்னேன், மிலிட்டரி சார் நம்ம ஆளு, கைவிட மாட்டாருன்னு.”

அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யாரும் என்னை மிரட்டவில்லை. வேலையைப் பறிப்போம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் மூஞ்சியில் அடித்த மாதிரி முடியாது என்றிருப்பேன், அந்த ரோஷம் எனக்கு உண்டு. ‘நம்ம ஆளு’ என்றார் பாருங்கள், அதில் விழுந்தேன். மவுஸை நகர்த்தி அப்ரூவ் என்ற கட்டத்தில் ஒரு தட்டு தட்டினேன். பேனா இல்லை, அதனால் கனமும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். சாயங்காலம் கேக் வெட்டினார்கள், முதல் துண்டை எனக்கு ஊட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்த பிறகும் பேச்சு தொடர்ந்தது.

விழாவில் பெட்டிகளைக் கொடுத்தார்கள். படகுக்காரர் தன் பெட்டியோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இதுக்குக் கையெழுத்து நீதான போட்ட?”

“ஆமா.”

“அப்ப சரி.” பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த இடத்தில் அவரைக் கூப்பிட்டு, பச்சையை நம்பாதீர்கள் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் டீம் லீட் நின்றுகொண்டிருந்தார். அடுத்த வெர்ஷன்தான் வருகிறதே என்று நானும் இருந்துவிட்டேன்.

அடுத்த வெர்ஷன் வரவில்லை. எங்கள் டீமைக் கலைத்து வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நான் இரண்டு மெயில் போட்டேன். இரண்டுக்கும் ‘நோட்டட்’ என்று பதில் வந்தது. மூன்றாவது மெயிலை நான் போடவில்லை.

சில மாதம் கழித்து என்னை ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு படகு இன்ஜின் பழுதாகி இரண்டு நாள் கடலில் மிதந்திருக்கிறது. பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், பச்சை எரிந்திருக்கிறது, கரைக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. உப்புத் தண்ணீர் பட்டு ஆன்டெனா அரித்துப்போயிருந்ததாம். கடைசியில் வேறொரு படகு பார்த்து இழுத்துவந்ததால் ஆட்கள் உயிரோடு வந்துவிட்டார்கள். எந்தக் குப்பத்துப் படகு என்று கேட்டேன்; நாங்கள் சோதனைக்குப் போன அதே குப்பம், அதே படகுக்காரர். டீம் லீட் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். குரலில் பழைய மரியாதை அப்படியே இருந்தது.

“ரெக்கார்டு பிரகாரம் அப்ரூவ் பண்ணது நீங்கதான் சார்.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. என் பெயர், தேதி, நேரம், சின்னக் குறை என்ற குறிப்பு, எல்லாம் இருந்தது. என்னை மாட்டிவிட்டுக் கை கழுவிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம், என் மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன். அவளும் அவர்களைத் திட்டித் தீர்த்தாள். எனக்கு ஆறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகக் குப்பத்துக்குப் போனேன். படகுக்காரர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார், முகத்துத் தோல் உரிந்து திட்டுத் திட்டாகக் கிடந்தது. திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று தயாராகப் போனேன். உட்காரச் சொன்னார். நாஸ்தா ஆச்சா என்று கேட்டார். பிறகு அவராகவே சொன்னார்.

“மொதோ நாளு மத்தியானம் ஒரு போட்டு எங்களத் தாண்டிப் போச்சு. கூப்புடு தூரம்தான். கூட வந்த எம் மச்சான் சட்டையக் கழட்டி ஆட்டப் போனான். நான்தான் வேணாம்டான்னுட்டேன். பச்ச வந்துட்ச்சு, ஆளுங்க வந்துகினே இருப்பாங்கோ, அவுங்க பொழப்ப எதுக்குக் கெடுக்கணும்னு. அது போய்ட்ச்சு. அப்பால மறுநாளு முச்சூடும் யாருமே வர்ல.”

மச்சான் இப்போது கடலுக்குப் போவதில்லையாம். ஈசிஆர் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறாராம். தண்ணீர்ப் பக்கம் திரும்பி உட்கார்வதுகூட இல்லையாம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை மாடி, மீட்டிங், கேக் வரைக்கும் சொன்னேன். எனக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டேன் என்றேன். அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நீதான சொன்ன, கையெழுத்துப் போட்டவன் ஏறணும்னு?”

“ஆமா.”

“ஏறுனியா?”

இருபது வருஷத்தில் எந்த ஆபீசரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய நிலையில் நான் அவர்களை வைத்ததில்லை. “நாளைக்கு வரேன். பெட்டியோட வரேன், எவ்ளோ தூரம் வேணும்னாலும் போலாம்” என்றேன். அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று சொல்லும்போதே தெரிந்தது.

“இப்ப எதுக்கு அண்ணாத்த?” என்றார். எழுந்துபோய்ப் படகுக்குள்ளிருந்து பெட்டியை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். திருகாணிகளைக்கூடத் தனியே ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். “கழட்டிட்டேன். இனிமே சட்டையே ஆட்டிக்கறோம்.”

கோபம் இல்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அரித்துப்போன ஆன்டெனா எப்போதோ ஒடிந்துபோயிருந்தது. தலைக்கு மேல் கான்கிரீட், அதற்கு மேல் இன்னும் இரண்டு மாடி. குனிந்து கையை விட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். உடனே பச்சை எரிந்தது.