உள்ளூர்க் கைகள்: கடலே இல்லாத மலையில் ஒரு கடற்படை விமான நூதனசாலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. கண்டியில் லிகிதர் (கிளார்க்) வேலை பார்க்கிற எனக்குச் சனிக்கிழமை என்பது தூங்குவதற்கான நாள். அதைக் கெடுத்தவன் நலீம். அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பன். ஹுன்னஸ்கிரிய பக்கம் சாமான் இறக்கப் போனவன், ஒரு பழைய தோட்டத்து பங்களாவில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறான். அது ஒரு தனியார் நூதனசாலை, அதாவது மியூசியம். அதுவும் கடற்படை விமானங்களின் வரலாற்றுக்கு! மலை உச்சியில் கடற்படைக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்காதீர்கள்.

"மச்சான், யுத்த காலத்து போட்டோ ஒண்டு ஈக்கி," என்றான் போனில். "ப்ளேனுக்குக் கிட்ட புசல்லாவ ஆக்கள்னு எழுதி ஈக்கி. ஒங்க அம்மாட வாப்பாவும் அதுல நிப்பாரு."

"முகம் தெரியுதா?"

"வெளங்கும், வெளங்கும்."

ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது என் புத்தி. பக்கத்தில் அம்மா இருந்தார்.

அம்மாவின் அப்பா, புசல்லாவைத் தோட்டத்திலிருந்து உலக யுத்த காலத்தில் கிழக்குக் கரையில் இருந்த கடற்படை விமானத் தளத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர். மலேரியாவில் அங்கேயே இறந்துபோனார். அப்போது அம்மா தன் அம்மாவின் வயிற்றில். ஒரு படம்கூட வீட்டில் கிடையாது. எண்பது வயது தாண்டியும் அம்மாவுக்குத் தன் அப்பாவின் முகம் தெரியாது. அவரிடமிருந்து வந்ததாக அம்மாவின் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: வலது கைச் சுண்டுவிரல் உள்பக்கமாக மடங்கியிருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். அந்த விரலாலேயே சனிக்கிழமை விடியற்காலையில் அம்மா என் விலாவில் குத்தி எழுப்பினார்.

"எந்திரிடா பீட்டரு. எங்கப்பா மூஞ்சியப் பாக்கணும்."

கண்டியிலிருந்து மஹியங்கனைப் பக்கம் போகும் பஸ்ஸை எட்டேகாலுக்குப் பிடித்தோம். ஹுன்னஸ்கிரிய ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். கேட்பதற்குக் கிட்டத்தான். ஆனால் தெல்தெனியவில் டிரைவர் டீ குடித்தார், பிறகு கண்டக்டர் டீ குடித்தார், அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து யாருக்காகவோ காத்திருந்தார்கள். இறங்கும்போது பத்தரை தாண்டிவிட்டது.

அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ. "ப்ளேன் பாக்கணும், இடம் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாமயா, ஏறுங்க" என்றார் டிரைவர். முக்கால் மணி நேரம் குலுக்கியெடுத்துக்கொண்டு ஏறி, ஒரு பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சுற்றிலும் தேயிலை, மேலே வானம்.

"எங்கங்க மியூசியம்?"

"மியூசியமா? ப்ளேன் பாக்கணும்னுதானே சொன்னீங்க. இங்கருந்துதான் நல்லாத் தெரியும். மத்தியானத்துக்குள்ள ஒண்ணு போகும்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அம்மா மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒண்ணையும் காணமே" என்று கவலைப்பட்டார்.

பங்களாவை அடைந்தபோது பன்னிரண்டரை. அதே நேரத்துக்குத்தான் பகல் சாப்பாட்டுக்குப் பூட்டுவார்களாம். பூட்டுகிறவர் எங்களைப் பார்த்துக்கொண்டே பூட்டினார். திறப்பது இரண்டு மணிக்கு. வாசலில் போட்டிருந்த கதிரையில் அம்மா உட்கார்ந்துகொண்டார். நான் நலீமுக்குப் போன் எடுத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

உள்ளே மூன்று அறைகள். நியாயமாகச் சொன்னால் சாமான்கள் நல்ல சாமான்கள்தான். கப்பலின் மேல்தளத்தில் இறங்கும் விமானத்தின் வாலில் ஒரு கொக்கி இருக்கும், அது தளத்தில் குறுக்கே கட்டிய கம்பியில் மாட்டினால்தான் விமானம் நிற்கும், இல்லாவிட்டால் கடலுக்குள்தான். அந்தக் கொக்கியின் நிஜத்தையே வைத்திருக்கிறார்கள். ஆனால் தமிழ்ப் பலகை! இங்கிலீஷ் 'அரெஸ்டிங் ஹூக்'கை அப்படியே 'கைது செய்யும் கொக்கி' என்று எழுதியிருக்கிறது. அம்மா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நம்மள கைது பண்ண இது வேறயா?"

இந்த நாட்டில் தமிழ்ப் பலகை எழுதுகிறவர்கள் ஒரு தமிழனிடம் ஒரு தடவை காட்டினால் குறைந்தா போவார்கள்? ஒவ்வொரு பலகையாகப் பிழை பிடித்துக்கொண்டே மூன்றாவது அறைக்குப் போனேன்.

அங்கே சுவரில் இரண்டு படங்கள். முதலாவதில் வெள்ளைக்கார விமானிகள் ஆறு பேர். முகங்கள் பளிச்சென்று இருந்தன. கீழே ஆறு பேரின் பெயரும் இருந்தது, அவர்களுடைய நாயின் பெயரும் இருந்தது. நலீம் பார்த்த முகங்கள் இவைதான். இரண்டாவதின் கீழே தமிழில் இப்படி: 'புசல்லாவையின் உள்ளூர்க் கைகள் இறக்கையைப் பிடித்தல்.'

எனக்கு இரத்தம் கொதித்தது. நாய்க்குப் பெயர், எங்கள் ஆட்களுக்குக் கைகளா? காவலுக்கு இருந்தவரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். இங்கிலீஷில் 'ஹேண்ட்ஸ்' என்று போட்டிருந்தால் அது கைகள் இல்லை ஐயா, தொழிலாளர்கள், மனிதர்கள் என்றேன். அவர் பாவம், தலையாட்டிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

கப்பலுக்குள் இடம் பிடிக்காமல் இருக்க இந்த விமானங்களின் இறக்கையை மடிப்பார்கள். மடித்த இறக்கையை விரித்து இறக்கும்போது கீழே நின்று தாங்க ஆட்கள் வேண்டும். படத்தில் அந்த இறக்கை ஆட்களின் முகத்தையெல்லாம் மறைத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. தெரிந்தவை கைகள் மட்டும்தான். வரிசையாகப் பத்துக் கைகள்.

இதற்காகவா இத்தனை பாடு என்று மனம் விட்டுப்போனது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அம்மா, மூஞ்சி தெரியலம்மா" என்றேன்.

அம்மா படத்துக்குக் கிட்டப் போனார். கண்ணாடிக்கு மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து ஒவ்வொரு கையாகப் பார்த்தார். நான்காவது கையில் நின்றார். இறக்கையின் ஓரத்தைப் பிடித்த வலது கை. மூன்று விரல்கள் நேராக நீண்டிருந்தன, சுண்டுவிரல் மட்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தது. அம்மா தன் வலது கையை அதற்குப் பக்கத்தில் கண்ணாடியில் வைத்தார்.

"அம்மே, தொட வேணாம்," என்று காவலாளி பக்கத்தில் வந்தார். இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து போட்டார்.

அம்மா வெகுநேரம் அழுதார். நானும்தான், மறைப்பானேன். "அப்பா இப்படித்தான் பிடிச்சிருப்பாரு போல" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

புறப்படும்போது காவலாளி ஒரு பேனாவோடு வந்தார். "சேர், பிழை எல்லாம் சொல்லுங்க. லொக்கு மஹத்தயாட்ட, பெரிய ஐயாட்ட குடுக்கிறேன்." கைது செய்யும் கொக்கியை நிறுத்தும் கொக்கியாக்கச் சொன்னேன். இன்னும் ஐந்தாறு சொன்னேன். "கைகள்?" என்று கேட்டார்.

"அத விட்டுருங்க. அது சரிதான்."

போகிறவர்களுக்கு: கண்டியிலிருந்து ஏழு மணிக்கு முந்திய பஸ்ஸைப் பிடியுங்கள். ஆட்டோக்காரரிடம் 'மியூசியம்' என்ற சொல்லை மூன்று தடவை சொல்லுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அங்கே ஒரு கடையும் கிடையாது. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். நலீமை நம்ப வேண்டாம். மூன்றாவது அறையில் நாய் இருக்கும் படத்தைத் தாண்டிப் போங்கள். அடுத்த படத்தில் இடமிருந்து நான்காவது கை. பலகையில் இல்லாததால் நான் சொல்கிறேன், அவர் பெயர் சூசை.