ஃபிட்டர் தங்கதுரையின் ஹெலிகாப்டர்

தங்கதுரையைப் போல ஒரு பிடிவாதக்காரனை வேலம்பாளையத்தில் நான் பார்த்ததில்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், நிட்டிங் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். வாரம் ஆறு நாள் மெஷினோடு மல்லுக்கட்டுவான். ஏழாவது நாள், ரிமோட்டில் பறக்கும் தன் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு சாயப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலுக்குப் போய்விடுவான். அதைப் பொம்மை என்று சொன்னால் இரண்டு நாளைக்குப் பேச மாட்டான். அதற்காகவே நான் சொல்வேன்.

நான் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவன். என்னிடம் இருப்பது நாலு றெக்கை டிரோன். பட்டனை அழுத்தினால் தானே மேலே போய் நிற்கும், கையை எடுத்துவிட்டு டீ குடிக்கலாம். அவனுடைய ஹெலிகாப்டரில் ஒரு விநாடி கண்ணை எடுத்தால் போச்சு, குப்புற விழுந்துவிடும். அதை அந்தரத்தில் அசையாமல் நிறுத்தப் பழகவே அவனுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. சோம்பேறிக்கு டிரோன், பைத்தியக்காரனுக்கு ஹெலிகாப்டர் என்று கேலி செய்வேன்.

"உங்க டிரோன்ல ஒரு மோட்டார் நின்னா என்னண்ணே ஆகும்?" என்று மடக்குவான்.

"உளுந்துரும்."

"என்னோடதுல மோட்டாரே நின்னாலும் விழாது. இறங்குறப்ப கீழருந்து அடிக்கிற காத்துலயே றெக்கை சுத்தும். அதை வச்சே தரையில உக்கார வச்சிருவேன்."

"தாலி கட்டுற நேரத்துல உங்க றெக்கையப் பாத்து மாப்பிள்ளை ஓடிருவாருங்க, தங்கதுரை."

சிரிப்பான், ஆனால் விட மாட்டான். ஹெலிகாப்டரில் கேமரா கட்டினால் படம் நடுங்கும். அதற்கு ஜட்டிக்குத் தைக்கிற எலாஸ்டிக்கில் கேமராவைத் தொங்கவிட்டு, நடுக்கத்தைப் பாதியாகக் குறைத்தான். அப்படி ஒரு மூளை. காற்று பலமாக அடிக்கிற நாளில் என் டிரோன் தடுமாறும். அவனுடையது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். இதையெல்லாம் அவன் எதிரில் நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இருமல் அவனுக்கு நாலைந்து வருஷமாக உண்டு. நிட்டிங் ஷெட்டில் பறக்கிற பஞ்சு நெஞ்சில் இறங்கிவிட்டது, அங்கிருந்து வெளியே வந்தால்தான் பிழைப்பாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்தால் சோற்றுக்கு வழி?

வழி தானாக வந்தது. சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்களுக்குக் காட்டுவதற்கு, கம்பெனியின் புதுக் கட்டடத்தை மேலிருந்து வீடியோ எடுக்க வேண்டும் என்று தங்கதுரையிடம் சொன்னார் முதலாளி ராசப்பன். "நம்ம ஆளு நீயே எடுத்துக் குடு கண்ணு. நல்லா வந்துச்சுன்னா ஆபீஸ்லயே உக்கார வெச்சர்றேன். சாம்பிள் போட்டோ, வீடியோ எல்லாத்தையும் நீயே பாத்துக்கோ." ஆபீஸ் அறையில் பஞ்சு பறக்காது. தரையிலிருந்து எடுக்க வேண்டிய படங்களுக்குத் தங்கதுரை என்னைக் கூப்பிட்டான். அவன் மனைவி செல்லத்தாய்க்கு அதே கம்பெனியில் துணி செக்கிங் வேலை. படம் எடுக்கிற அன்று காலையில் என்னைப் பார்த்ததும், "இது மட்டும் கூடி வந்துருச்சுன்னா அவுக பிழைச்சுக்கிடுவாகண்ணே" என்றாள்.

அப்படியே ஆகட்டும் என்று சொன்னேன். ஆனால் என் டிரோன் பையும் தோளில்தான் இருந்தது. ஒரு பாதுகாப்புக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நிட்டிங் ஷெட்டில் எல்லாவற்றையும் கம்ப்ரஸர் காற்றால் ஊதித்தான் சுத்தம் செய்வார்கள். மெஷின், சட்டை, தலைமுடி, சாப்பாட்டுத் தூக்கு எதுவும் தப்பாது. அந்தப் பழக்கத்தில் தங்கதுரை ஹெலிகாப்டரையும் வருஷக்கணக்காக அப்படியே ஊதி வந்திருக்கிறான், அன்றும் ஊதினான். ஊத ஊதப் பஞ்சு வெளியே போகவில்லை, வால் றெக்கையின் பேரிங்குக்குள் ஏறிக்கொண்டே இருந்தது. மெஷின் நோய் எல்லாம் தெரிந்த ஃபிட்டருக்கு இது தெரியவில்லை. மேலே ஏறிய மூன்றாவது நிமிஷத்தில் வால் றெக்கை நின்று, ஹெலிகாப்டர் தன்னைத்தானே கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. ராசப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினார்.

தங்கதுரை ஓடவில்லை. மோட்டாரை நிறுத்தினான். சுற்றல் அடங்கியது. பெரிய றெக்கை மட்டும் காற்றில் சுழல, சொன்னபடியே லாரி நிற்கும் இடத்தில் கீறல் இல்லாமல் உட்கார வைத்தான். என் தொழிலில் அப்படி ஒரு இறக்கத்தை நான் பார்த்ததே இல்லை. கை தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

"தலையச் சீவிப்போடுமாட்ட இருக்குது!" என்றார் ராசப்பன்.

"பேரிங் மாத்தணும் மொதலாளி, கையிலயே இருக்கு. அரை மணி நேரம் மட்டும் குடுங்க," என்றான் தங்கதுரை. சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது.

ராசப்பன் என் தோளைப் பார்த்தார். "ஏனுங்க மோகன்ராஜ், உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குதாட்ட?"

பொறுங்கள், அவன் மாற்றிவிடுவான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "இருக்குதுங்க. பத்து நிமிஷத்துல எடுத்தர்லாமுங்க," என்றேன்.

எடுத்தேன். துளி ஆட்டம் இல்லாத படம். ராசப்பனுக்குப் பிடித்துப்போயிற்று. மோகன்ராஜ் வந்து போனாலே போதும், இதற்கென்று ஆபீஸில் தனியாக ஒரு ஆள் எதற்கு என்று விட்டுவிட்டார். கைக்கு எட்டியது தங்கதுரைக்கு வாய்க்கு எட்டவில்லை என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். தட்டிவிட்டவன் பெயரை யாரும் சொல்லவில்லை.

தங்கதுரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூன்று வருஷமாக அதே ஷெட்டில் இருக்கிறான். இப்போது படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறான். போன வாரம் கம்பெனிக்குப் படம் எடுக்கப் போனபோது, கேட்டில் செல்லத்தாய் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு உங்களுக்கு வேற ஏதும் சோலி இருந்துச்சா? அரை மணி நேரம் பொறுக்க முடியாத சோலி?"

"ஆமாம்மா, அன்னிக்கு ஒரு கல்யாணம் இருந்துச்சு," என்றேன்.



"அது ஆடி மாசமாச்சேண்ணே," என்றாள்.